கை நனைக்காத மூன்று நாள்

பேச்சிராஜா அந்தமானுக்குப் புறப்பட்டது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர. அந்த ஒரு வார்த்தையைப் பசுவந்தனையிலேயே உட்கார்ந்து சொல்லித் தொலைத்திருக்கலாமே, அதற்கு எதற்கு ரயிலும் விமானமும் என்று நீங்கள் கேட்கலாம். ஊரே கேட்டது. மகள் முத்துச்செல்விதான் விடவில்லை.

“வேண்டாம்னா வேண்டாந்தாம்ப்பா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க. பாக்காமலே சொன்னா அது நியாயமில்ல” என்றாள். சொல்லிவிட்டுக் கோவில்பட்டி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள். அங்கே ஒரு ஸ்கேன் சென்டரில் அவளுக்கு வேலை. அழுது அடம் பிடித்திருந்தால் அதட்டி உட்கார வைத்திருப்பார். அழாத பிள்ளையை என்ன செய்வது? டிக்கெட் போடச் சொன்னார்.

மாப்பிள்ளைப் பையன் பெயர் ஹரிஹரசுதன். அப்பா வெயிலுமுத்து, அம்மா செண்பகவல்லி, இரண்டு பேருக்கும் சொந்த ஊர் நாகலாபுரம். கல்யாணமான கையோடு கப்பலேறிப் போய், பாராடாங் என்கிற தீவில் மளிகைக்கடை போட்டு அங்கேயே தங்கிவிட்டவர்கள். சித்திரையில் கோவில்பட்டியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்த இடத்தில் பையன் முத்துச்செல்வியைப் பார்த்தான். முறைப்படி ஆள் விட்டுக் கேட்டார்கள். அதற்கப்புறம் இரண்டும் போனில் பேசிக்கொள்கின்றன என்பது பேச்சிராஜாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்.

பையனிடம் ஒரு குறையும் இல்லை. படகில் எஞ்சின் வேலை, குடி கிடையாது, கூடப்பிறந்தவர்கள் கிடையாது. குறை கடல்தான். பேச்சிராஜாவின் மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டில் அவரும் மகளும் மட்டும். எட்டயபுரம், விளாத்திகுளம் என்று கொடுத்தால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். கடலுக்கு அந்தப் பக்கம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குள் வந்தால் யார் இருப்பார்கள்? இதை வாய்விட்டுச் சொல்ல அந்த மனுஷனுக்கு வெட்கம். கேட்டவர்களிடமெல்லாம் “ரொம்பத் தூரம்லா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

துணைக்கு அக்கா சுடலையம்மாள் வந்தாள். அறுபத்திரண்டு வயது, ஐம்பது ஆள் சத்தம். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு எங்கள் கரிசல்காட்டில் ஒரு கட்டு உண்டு. பிடித்திருந்தால்தான் அந்த வீட்டில் கை நனைக்க வேண்டும். உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் பெண்ணைக் கொடுத்ததாக அர்த்தம். தின்றுவிட்டு அப்புறம் இல்லை என்றால் ஊர் காறித் துப்பும். பக்கத்து ஊர் என்றால் காலையில் போய் மத்தியானம் திரும்பிவிடலாம், சிக்கல் இல்லை. இவர்கள் போவதோ தீவுக்கு, அதுவும் மூன்று நாள்.

சுடலையம்மாள் ரயிலிலேயே சட்டம் போட்டுவிட்டாள். “ஏலே பேச்சி, தண்ணி குடிக்கலாம். தண்ணிய பகையாளி வீட்டுலயும் குடிக்கலாம். உப்புப் போட்ட பண்டத்தத் தொடப்படாது.”

“காப்பிக்கா?”

அக்கா கொஞ்சம் யோசித்தாள். காப்பி இல்லாவிட்டால் அவளுக்கு மண்டை வெடித்துவிடும். “காப்பி தண்ணிக் கணக்குலே” என்றாள்.

மற்றபடி அவள் மடியில் ஒரு பெரிய துணிப்பை இருந்தது. காரச்சேவு, முறுக்கு, கடலைமிட்டாய், அவல். மூன்று நாளைக்கு இரண்டு ஜீவன் இதில்தான் ஓட வேண்டும்.

விமானத்தின் ஜன்னலில் பேச்சிராஜா கடலைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த கடல் தூத்துக்குடிக் கடல், உப்பு லாரிகளுக்குப் பின்னால் கிடக்கிற கடல். இது வேறு. பச்சையும் நீலமுமாக, அடியில் கிடக்கும் மணல் தெரிகிற அளவுக்குத் தெளிவு. நடுநடுவே தீவுகள், பாசி பிடித்த கல் மாதிரி. விமானம் இறங்கிய இடத்திலிருந்து ஜீப்பில் காட்டு வழி. பழங்குடிகள் வாழ்கிற காடாம்; போலீஸ் வண்டி முன்னால் போக, வரிசையாக எல்லா வண்டிகளும் பின்னால் போயின. வழியில் நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது என்று டிரைவர் சொல்லியிருந்தான். மரம் என்றால் மரம், அப்படி மரம். அண்ணாந்து பார்த்தால் கிளைக்கு மேல் கிளை, கொடிக்கு மேல் கொடி, வானத்தைக் காணோம். கரிசல்காட்டில் எங்கே நின்றாலும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வானம்தான். ஐம்பத்தாறு வருடம் தலைக்கு மேலேயே இருந்த வானம் திடீரென்று இல்லாமல் போனதும், கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற மாதிரி இருந்தது அவருக்கு. யாரோ அவரைத் தொட்டில் கட்டி ஆட்டுகிற மாதிரி ஜீப் வளைந்து வளைந்து போயிற்று. அக்கா வாயே திறக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாராடாங் படகுத்துறையில் வெயிலுமுத்து குடையோடு நின்றார். மழை விடாத ஊரில் வெயிலுமுத்து! “வாங்க அண்ணாச்சி, வாங்க மதினி. லாட்ஜ்ல ரூம் சொல்லியிருக்கேன். மொதல்ல வீட்டுக்கு வந்து ஒரு வாய்…” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவருக்கும் நாகலாபுரம்தானே, கட்டு தெரியாதா?

வீடு தகரக்கூரை போட்ட நல்ல வீடு. பின்னால் பாக்கு மரங்கள், அதற்குப் பின்னால் காடு. செண்பகவல்லி ஐம்பதைத் தாண்டியவள், அதிர்ந்து பேசத் தெரியாதவள். “காப்பி குடிக்கலாம்லா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“காப்பி குடிக்கலாம்” என்றார்கள் அக்காவும் தம்பியும் ஒரே குரலில்.

மத்தியானம் அவள் அவர்கள் இருவருக்கும் சேர்த்தே சமைத்திருந்தாள். இரண்டு தட்டில் போட்டு, மூடி, முன்னால் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிடச் சொல்லவில்லை. சுடலையம்மாள் துணிப்பையைத் திறந்து காரச்சேவை எடுத்ததும் தட்டுகளை எடுத்துக்கொண்டு பேசாமல் உள்ளே போய்விட்டாள். ராத்திரியும் அப்படித்தான். மறுநாள் காலையிலும் அப்படித்தான். சுடலையம்மாளுக்கே ஒரு மாதிரி ஆகி, “எதுக்குத் தாயி வீணா ஆக்குதே?” என்று கேட்டுவிட்டாள்.

“வந்தவியளுக்கு உலை வைக்காம எப்படி இருக்கது? சாப்பிடுததும் சாப்பிடாததும் அவிய இஷ்டம்” என்றாள் செண்பகவல்லி.

தூக்கமும் போயிற்று. மழையை நம்பி விதைக்கிற சம்சாரிக்கு மழைச்சத்தத்தில் தூங்க வராது. ஒரு தூறல் விழுந்தாலே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பைப் பார்க்க ஓடிய உடம்பு. லாட்ஜில் மழை பிடிக்கும்போதெல்லாம் பேச்சிராஜா படுக்கையை விட்டு எழுந்து நின்றார். எழுந்து என்ன செய்வது? நிலம் எங்கே, வரப்பு எங்கே? ஊரில் ஆவணி முடியப் போகிறது. உழுது போட்ட பூமி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. இங்கேயோ யாரும் கேட்காமல், யாருக்கும் தேவையில்லாமல் கொட்டுகிறது. அநியாயம்! அவருக்குக் கோபம் கோபமாக வந்தது.

இரண்டாம் நாள் காலையில் பையைத் திறந்தால் சேவு நமுத்துப் போயிருந்தது. நம் ஊர் வெயிலுக்கு ஒரு மாதம் மொறுமொறுவென்று இருக்கிற சேவு, இந்த ஈரக் காற்றில் ஒரே நாளில் துணி மாதிரி துவண்டுவிட்டது. படகுத்துறைப் பக்கம் ஒரு மெஸ் இருக்கிறதே என்று பேச்சிராஜா மெதுவாக இழுத்தார். சுடலையம்மாள் விசாரித்துவிட்டு வந்தாள். மெஸ் நடத்துகிறவர் வெயிலுமுத்துவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதுவும் போச்சு. இரண்டு பேரும் நமுத்த சேவை மென்றார்கள்.

அன்றைக்கு ஹரிஹரசுதன் அவர்களைக் குகை பார்க்கக் கூட்டிப் போனான். மாமா என்று கூப்பிட்டால் முந்திக்கொண்ட மாதிரி ஆகும், சார் என்றால் அந்நியமாக இருக்கும். பையன் எதையும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்தான். படகு முதலில் அகலமான தண்ணீரில் போயிற்று. பிறகு ஒரு சின்ன ஓடைக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள் வேர்களைக் காலாக ஊன்றித் தண்ணீருக்குள் நின்றன. கிளைகள் மேலே வந்து கூடிக் கூரை போட்டுவிட்டன. எஞ்சினை அவன் குறைத்ததும் ஒரு சத்தம் இல்லை. பச்சை நிறத் தண்ணீர், பச்சை நிற வெளிச்சம், அக்காவின் நரைத்த தலைகூடப் பச்சையாகத் தெரிந்தது. இது நிஜந்தானா என்று பேச்சிராஜா தண்ணீரில் கையை விடப் போனார்.

“கைய உள்ள எடுத்துக்கோங்க. இங்கன முதலை உண்டு” என்றான் பையன்.

பேச்சிராஜாவுக்கு உள்ளே ஒரே சந்தோஷம். முதலை கிடக்கிற ஊருக்குப் பிள்ளையைக் கொடுக்க முடியுமா? யாரும் மறுத்துப் பேச முடியாத காரணம் அல்லவா! அக்காவைப் பார்த்தார். அவளும் தலையை ஆட்டினாள்.

படகை விட்டு இறங்கிக் காட்டு வழியில் நடந்து குகைக்குள் போனார்கள். சுண்ணாம்புக் கல் குகை. மேலேயிருந்து கல் ஒழுகி, ஒழுகினபடியே உறைந்துபோய்த் தொங்கியது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஒரு விரல் கனம் கல் வளர எத்தனையோ நூறு வருடம் ஆகுமாம். மற்றவர்கள் டார்ச்சைச் சுவரில் அடித்து, இது பிள்ளையார், அது யானை என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஹரிஹரசுதன் மட்டும் பேச்சிராஜாவின் காலடியிலேயே வெளிச்சம் காட்டிக்கொண்டு வந்தான். சுடலையம்மாள் மூச்சு வாங்கி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆள் இல்லாத ஒரு வளைவில் பேச்சிராஜா நின்றார். வெளியே என்றால் கேட்டிருக்க மாட்டார். இருட்டு தைரியம் கொடுத்தது.

“தம்பி, எம்பிள்ளகிட்ட அப்படி என்னதான் பேசுவீரு, மணிக்கணக்கா?”

“நாங்க ரொம்பப் பேசுனதில்ல. மொத தடவ பேசும்போது இங்க மழ. என்ன சத்தம்னு கேட்டா. தகரத்துல மழ விழுதுன்னு சொன்னேன். போனக் கொஞ்சம் வெளிய நீட்டுங்கன்னா. அரை மணி நேரம் கேட்டுக்கிட்டே இருந்தா. அப்புறம் இங்க மழ வந்தா நான் போன் போடுவேன். அவ கேப்பா. அம்புட்டுத்தான்.”

ராத்திரி போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரோரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் மகளை எத்தனை நாள் பார்த்து மனசுக்குள் திட்டியிருக்கிறார்! அவள் மழை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். சம்சாரி பெற்ற பிள்ளை வேறு எதைக் கேட்கும்! ஆனாலும் மனசு இளகிவிடக் கூடாதே என்று, “சரி, நடங்க” என்று வறட்டுக் குரலில் சொன்னார்.

திரும்பும் வழியில் கடற்கரைக்குப் போனார்கள். மணல் முடிகிற இடத்திலேயே காடு ஆரம்பித்தது. சாய்ந்து விழுந்த ஒரு பெரிய மரத்தின் தலை கடலுக்குள் கிடந்தது. சுடலையம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று, “ஏலே, இது என்னலே சுடுதண்ணி கணக்கா இருக்கு!” என்று சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள். பேச்சிராஜா மணலில் உட்கார்ந்து அலையைப் பார்த்தார். பசியா, தூக்கமா, எதுவென்று தெரியவில்லை, அலை வர வர உடம்பு கரைந்துகொண்டே போயிற்று. இந்த இடத்தைத் திட்ட வேண்டும் என்றுதான் பார்த்தார். வாயில் ஒரு வசவும் வரவில்லை. பெரிய சங்கடமாகப் போயிற்று.

மூன்றாம் நாள் மத்தியானம் திரும்ப வேண்டும். கடைசி வரிசை வண்டிகள் இரண்டரை மணிக்குக் கிளம்பும். கிளம்பும்போது சொல்ல வேண்டிய வார்த்தையை அவர் தயார் செய்து வைத்திருந்தார்: ‘ஊர்ல போய்க் கலந்துக்கிட்டுச் சொல்லுதோம்.’ எங்கள் பக்கம் இதைக் கேட்டால் சின்னக் குழந்தைக்கும் அர்த்தம் தெரியும். சம்பந்தம் இல்லை, கடையைக் கட்டிவிட வேண்டியதுதான் என்று அர்த்தம். அதைச் சொல்லத்தான் பன்னிரண்டு மணிக்கு வெயிலுமுத்து வீட்டுக்குப் போனார்கள். போய் உட்காரவும் மழை பிடித்துக்கொண்டது. மழையென்றால் உங்கள் வீட்டு மழை எங்கள் வீட்டு மழை இல்லை. தகரக்கூரை அதிர, பக்கத்தில் இருக்கிறவர் பேசினால் கேட்காத மழை. வெயிலுமுத்து வாயை வாயை அசைத்தார். ஒன்றும் புரியவில்லை. சுடலையம்மாள் முந்தின நாள் கடலில் நனைந்து அங்கே காயப்போட்டிருந்த சேலையைப் பார்க்கப் பின்பக்கம் போனாள். சொல்ல வேண்டியதை மழை வெறித்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று பேச்சிராஜா பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தார்.

சாய்ந்தாரா, ஆளைக் காணோம்.

கனவில் மழை அவருடைய காட்டில் பெய்துகொண்டிருந்தது. பிளந்து கிடந்த பூமி மூடிக்கொண்டது. உளுந்து கரும்பச்சையாக இடுப்பளவு வளர்ந்து நின்றது, உளுந்து எங்கேயாவது இடுப்பளவு வளருமா, கனவில் வளர்ந்தது. செத்துப்போன மனைவி களை வெட்டிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. கடல் அலை வரப்பு வரைக்கும் வந்து தொட்டுவிட்டுத் திரும்பிப் போயிற்று. அது ஒன்றும் அவருக்கு அதிசயமாகத் தெரியவில்லை. வரப்பில் உட்கார்ந்திருந்தார். உளுந்தஞ்சோற்று வாசம் வந்தது. தோல் உளுந்தும் பூண்டும் தேங்காயும் போட்டு வேகவைத்த சோறு, பக்கத்தில் வறுத்து அரைத்த எள்ளுத் துவையல். யாரோ முன்னால் தட்டை வைத்தார்கள்.

“செல்வி, சோறு கொண்டாந்தியாம்மா?” என்று கேட்டார்.

“ம்” என்றது குரல்.

கையை விட்டார். சூடாக இருந்தது. துவையலைத் தொட்டு ஒரு வாய், இரண்டு வாய், மூன்று வாய். அப்படியொரு ருசி. பசி என்றால் மூன்று நாள் பசி.

“ஏலே பாவி! கெடுத்தியேலே காரியத்த!”

சுடலையம்மாளின் சத்தத்தில் பேச்சிராஜா கண்ணை விழித்தார். மழை நின்றிருந்தது. முன்னால் ஸ்டூலில் பாதி காலியான தட்டு. வலது கை முழுக்கச் சோறும் துவையலும். எதிரே வெயிலுமுத்து, வாசலில் பையன், அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு செண்பகவல்லி. வழக்கம்போலத் தட்டை வைத்துவிட்டுப் போகத்தான் அவள் வந்திருக்கிறாள். தூக்கத்தில் அவர் கேட்டதற்குத் தன்னை அறியாமல் ‘ம்’ என்று சொல்லிவிட்டாள். அவள் முகம் வெளிறிக் கிடந்தது.

பேச்சிராஜாவுக்கு வியர்த்துவிட்டது. பெண்ணைக் கொடுத்தாயிற்று! பெற்ற மகளை ஒரு தூக்கக் கலக்கத்தில், சோற்றுக்கு ஆசைப்பட்டுக் கொடுத்தாயிற்று! கையை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வெயிலுமுத்து கிட்டே வந்தார். “அண்ணாச்சி, பதறாதீங்க. தூக்கத்துல சாப்பிட்டது கணக்குல சேராது. நாலு சுவத்துக்குள்ள நடந்தது, நாங்க யார்ட்டயும் சொல்ல மாட்டோம். எந்திரிச்சுக் கையக் கழுவுங்க. உங்களுக்கு மனசில்லன்னு எங்களுக்குத் தெரியாமலா இருக்கு? வண்டிக்கு நேரமாச்சு, நானே துறையில கொண்டு விடுதேன்.”

சொம்பில் தண்ணீரை நீட்டினார். பெரிய மனுஷன்! பேச்சிராஜா சொம்பை வாங்கப் போனார். விட்டது சனி என்று எழுந்திருக்க வேண்டியதுதான். அப்போது செண்பகவல்லி பேசினாள். மூன்று நாளில் அவள் சேர்ந்தாற்போல அத்தனை வார்த்தை பேசியது அப்போதுதான்.

“அண்ணாச்சி, நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. எனக்குச் சந்தோசந்தான். இந்த வீட்டுக்கு நான் வந்து முப்பத்தோரு வருசம் ஆச்சு. எங்க ஊருப் பக்கத்துலருந்து விருந்தாளியா வந்து ஒருத்தர்கூட எங் கையால இங்கன சோறு சாப்பிட்டதில்ல. எங்க அய்யா வருசா வருசம் வாரேன் வாரேன்னுதான் சொன்னாவ. வெதைப்பு முடியட்டும், களையெடுப்பு முடியட்டும், கதிரறுக்கட்டும்னு. அப்படியே போய்ச் சேந்துட்டாவ. நான் போய் மொகத்தப் பாக்கதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. நீங்க தூக்கத்துல தின்னாலும் சரி, ருசிச்சுத் தின்னீங்க. எனக்கு அது போதும்.”

கூரையிலிருந்து மிச்சத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சுடலையம்மாள்கூட வாயை மூடிக்கொண்டாள்.

பேச்சிராஜா அவளைப் பார்த்தார். அவளைப் பெற்ற அந்த அய்யாவை அவருக்குத் தெரியாது. ஆனால் நன்றாகத் தெரியும். வெதைப்பு முடியட்டும் என்று சொல்லி வராமலே இருந்துவிட்ட அந்த மனுஷன் வேறு யாருமில்லை, தான்தான். எட்டயபுரத்தில் கொடுத்தாலும் இப்படித்தான் சொல்லியிருப்போம், மோட்டார் சைக்கிள் அதுபாட்டுக்கு நின்றிருக்கும் என்று அவருக்கு அந்த நிமிஷத்தில் பட்டது. பழியைக் கடலின் மேல் போட்டுவிட்டு, தான் தப்பித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறோம். வெட்கமாக இருந்தது. அடுத்து, மகள் இல்லாத வீடு கண் முன்னால் வந்தது. பயமாக இருந்தது. இரண்டும் சேர்ந்து கண்ணில் தண்ணீர் முட்டியது.

சொம்பை வாங்கவில்லை. நாற்காலியை ஸ்டூலுக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று நாளில் முதல் தடவையாக அவளை முறை சொல்லிக் கூப்பிட்டார்.

“தூக்கத்துல தின்னது கணக்குல சேராதாம்லா தங்கச்சி. இப்பம் முழிச்சுத்தான் இருக்கேன். சோறு போடு.”

செண்பகவல்லி நகரவில்லை. அவள் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. வெயிலுமுத்துதான் அடுப்படிக்கு ஓடிப் போய்ச் சட்டியையே தூக்கிக்கொண்டு வந்தார். அவள் அகப்பையை வாங்கி ஒரு கரண்டி வைத்தாள், இன்னொரு கரண்டி வைத்தாள். துவையல் ஸ்டூலில் சிந்தியது. பிறகு அடுப்படிச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு, முப்பத்தோரு வருடத்து அழுகையைச் சத்தம் போட்டு அழுதாள். ஒருத்தரும் அவளைத் தேற்றப் போகவில்லை.

பேச்சிராஜா சாப்பிட்டார். தூக்கத்தில் அத்தனை ருசியாக இறங்கிய அதே சோறு, விழித்துக்கொண்டு தின்னும்போது தொண்டையை விட்டு இறங்க மறுத்தது. மகளைக் கொடுத்துவிட்டோம், இது அதற்கான சோறு என்று ஒவ்வொரு வாய்க்கும் தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. பெண்ணைப் பெற்றவன் தட்டில் மிச்சம் வைத்தால் நன்றாக இருக்காது என்று, ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தார்.